ஆபத்துக் காலத்துக்கு ஒரு மகமை

சேமிப்பைப் பற்றிச் சிறு வியாபாரியிடம் பேச்சை எடுத்தால் வருகிற பதில் ஒன்றுதான். "மிஞ்சினால்தானே ஐயா சேமிக்க?" என்பார். அவர் சொல்வதில் பொய் இல்லை. செஞ்சியைச் சுற்றியுள்ள கிராமங்களில் மளிகைக் கடை வைத்திருப்பவர்களில் பலருக்கு மாதம் முடிந்தால் கையில் மிஞ்சுவது எதுவும் கிடையாது. ஆனால் மிஞ்சிய பிறகு சேமிப்பது என்ற வழக்கம் மாதச் சம்பளக்காரருக்கு உரியது. அவருக்கு ஒன்றாம் தேதி ஒரு தொகை வருகிறது, முப்பதாம் தேதி மீதி தெரிகிறது. கடைக்காரருக்கு ஒன்றாம் தேதியும் இல்லை, முப்பதாம் தேதியும் இல்லை. நம்முடைய காசு கல்லாவில் விழுந்த அன்று மாலையே சரக்காக மாறிவிடுகிறது. சர்க்கரை மூட்டைக்கு இருபது ரூபாய் இறங்கியிருக்கிறது என்று கேள்விப்பட்டால் போதும், இருக்கிற ரொக்கத்தை வழித்து இரண்டு மூட்டை கூடுதலாக இறக்கிவிடுவோம். இது வியாபாரியின் ரத்தத்தில் ஊறியது. குறையென்று சொல்லவில்லை. ஆனால் இதனால்தான் நமக்கு மிஞ்சுவதே இல்லை.

"சரக்கு இருக்கிறதே, அதுவே சேமிப்புதானே" என்று சிலர் கேட்பார்கள். "ஊரில் ஐம்பதாயிரம் பாக்கி நிற்கிறது, அவசரத்துக்கு வசூலித்தால் போயிற்று" என்பார் இன்னொருவர். "மொத்தக் கடைக்காரர் பத்து நாள் பொறுத்துக்கொள்வார்" என்பது மூன்றாவது நம்பிக்கை. சாதாரண நாளில் இந்த மூன்றும் உண்மை. ஆபத்து நாளில் மூன்றும் சேர்ந்தாற்போல் கைவிடும் என்பதைத்தான் நம் வட்டாரம் 2024-ல் பார்த்தது.

அந்த ஆண்டு நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்து, நகராமல் நின்று கொட்டியது. நமக்குப் பக்கத்து மயிலத்தில் 24 மணி நேரத்தில் 51 செ.மீ. மழை பதிவானது. சங்கராபரணியில் வெள்ளம் போயிற்று. அடுத்த நாட்களில் சாத்தனூர் அணையிலிருந்து திறந்த நீர் தென்பெண்ணையில் வந்து, அரசூரில் தேசிய நெடுஞ்சாலையே நின்றது. இப்படிப்பட்ட வெள்ளத்தில் தரைமட்டக் கடையின் நிலை என்னவென்று வியாபாரிக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஈரம் ஏறிய சர்க்கரை, உப்பு, மைதா, பருப்பு எதற்கும் விலை கிடையாது. கடன் நோட்டில் பெயர் உள்ள வாடிக்கையாளரின் நெல்லும் உளுந்தும் அதே தண்ணீரில்தான் கிடக்கின்றன. அவரிடம் போய் எப்படிக் கேட்பது? மொத்த வியாபாரிக்கும் கிடங்கில் அதே தண்ணீர். அவரும் வெளியூர் மில்லுக்குப் பணம் அனுப்பியாக வேண்டும். விழுப்புரம், கடலூர், கள்ளக்குறிச்சி மாவட்டங்களில் பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு அரசு ரூ.2,000 நிவாரணம் அறிவித்தது. குடும்பத்துக்கு ஒரு வாரம் அது உதவும். கடையை மறுபடி திறக்க உதவாது.

ஆக, வியாபாரத்தோடு சேர்ந்து நனையாத பணம் கொஞ்சம் தனியே இருக்க வேண்டும். நம் ஊர்க் கோட்டைக்கே இந்தக் கணக்குத் தெரிந்திருக்கிறது. 2025 ஜூலையில் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த பிறகு செஞ்சிக் கோட்டைக்குக் கூட்டம் கூடியிருக்கிறது. வருகிறவர்கள் ராஜகிரி அடிவாரத்துக் களஞ்சியத்தைப் படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். அந்தக் களஞ்சியம் போதாதென்று மலை உச்சியிலும் தானியம் சேர்த்து வைக்க இடம் கட்டியிருக்கிறார்கள், சுனையும் இருக்கிறது. 1690-ல் முகலாயப் படை முற்றுகையிட்டது. கோட்டை விழுந்தது 1698-ல். அத்தனை ஆண்டு தாக்குப் பிடித்ததற்குக் காரணங்கள் பல உண்டு. ஆனால் மலை மேலே நெல் இல்லாமல் அது நடந்திருக்காது. கீழே சந்தைக்கு வந்து போகிற நெல் வேறு, மேலே இருக்கிற நெல் வேறு என்று பிரித்து வைத்தார்களே, அதுதான் நமக்கு வேண்டியது.

சரி, மிஞ்சாத வருமானத்தில் அதை எப்படிச் சேர்ப்பது? இதற்கு வழி நம் வணிக சமூகத்திலேயே நூறு ஆண்டுக்கு முன்பே இருக்கிறது. அதன் பெயர் மகமை.

விருதுநகர், சிவகாசி, அருப்புக்கோட்டை முதலிய ஊர்களில் நாடார் உறவின்முறைகள் மகமை வசூலித்த விதத்தைக் கவனித்துப் பாருங்கள். ஒரு வியாபாரி ஆண்டு முடிவில் எவ்வளவு லாபம் கண்டார், அதில் எவ்வளவு கொடுப்பார் என்று அவர்கள் காத்திருக்கவில்லை. கை மாறுகிற சரக்குக்கு இவ்வளவு என்று சிறு காசு. லாபமோ நஷ்டமோ, சரக்கு நடந்தால் மகமை நடக்கும். அந்தச் சில்லறையில் கிணறு வெட்டினார்கள், பேட்டை கட்டினார்கள், பள்ளிக்கூடம் நடத்தினார்கள். அப்படிக் கூட்டாகக் காசு சேர்த்துப் பழகிய சமூகம்தான் 1921-ல் தூத்துக்குடியில் நாடார் வங்கியைத் தொடங்கியது. 1962-ல் தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி என்று பெயர் மாறி இன்றும் நடக்கிறது. நகரத்தார் முதலிய மற்ற வணிகர்களிடமும் கோயிலுக்கும் தர்மத்துக்கும் மகமை எழுதுகிற வழக்கம் உண்டு. ஊருக்கு எழுதிய மகமையை உங்கள் கடைக்கும் எழுதிக்கொள்ளுங்கள் என்பதுதான் நான் சொல்ல வருவது.

எங்கே எழுதுவது? அடக்க விலையில். அரிசி சிப்பம் கடைக்கு வந்தால் பில் விலையோடு வண்டி வாடகை, ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி எல்லாம் கூட்டித்தானே அடக்கம் போடுகிறோம்? அதோடு ஆபத்து மகமை என்று ஐந்து ரூபாய் சேருங்கள். 2022 ஜூலையில் 25 கிலோ வரையுள்ள பைக்கு ஜி.எஸ்.டி. வந்தது முதல் நாம் விற்பது பெரும்பாலும் 26 கிலோ சிப்பம். அதில் ஐந்து ரூபாய் என்றால் கிலோவுக்கு இருபது காசு கூட வரவில்லை. இருபது காசுக்காக வாடிக்கை எதிர்க் கடைக்குப் போகாது. சோப்பு, பிஸ்கெட் போன்ற விலை அச்சிட்ட சரக்கில் இப்படிக் கூட்ட முடியாது என்பது உண்மைதான். அதற்கு ஈடாக, காலிச் சாக்கு, காலி டின், அட்டைப்பெட்டி விற்கிற காசு இருக்கிறது. அந்தக் காசு எந்தக் கணக்கிலும் ஏறாமல் டீக்கும் வெற்றிலைக்கும் போகிறது. அதை அப்படியே இதில் போடுங்கள்.

தேசூர், சீயமங்கலம் பக்கத்துக் கிராமக் கடை ஒன்றை எடுத்துக்கொள்வோம். சீயமங்கலத்தில் மகேந்திரவர்ம பல்லவன் குடைந்த தூணாண்டார் கோயில் இருக்கிறது, ஆனால் கோயில் பார்க்க வருகிற கூட்டத்தை நம்பி அங்கே யாரும் மளிகை நடத்த முடியாது. வயல்காட்டு வருமானத்தை நம்பிய வியாபாரம்தான். வாரத்துக்கு அரிசி எட்டுச் சிப்பம், சர்க்கரை இரண்டு மூட்டை, பருப்பு வகை மூன்று மூட்டை, எண்ணெய் நான்கு டின், ரவை, மைதா, புளி, மிளகாய் என்று இதர உருப்படி ஆறு. சிப்பத்துக்கும் இதர உருப்படிக்கும் ஐந்து ரூபாய், மற்றதற்குப் பத்து ரூபாய் என்று மகமை எழுதினால் வாரத்துக்கு ரூ.160 வரும். சாக்கும் அட்டையும் விற்றது ரூ.40. ஆக ரூ.200. ஆண்டுக்கு 52 வாரத்தில் ரூ.10,400. இப்படிப்பட்ட கடையின் வாரக் கொள்முதல் நாற்பதாயிரம் ரூபாய் அளவில் இருக்கும். நூறு ரூபாய்ச் சரக்குக்கு அரை ரூபாய்தான் நாம் எடுத்தது.

அந்தக் குடும்பத்துக்கு மாதம் பத்தாயிரம் ரூபாய் செலவு என்றால், முதல் ஆண்டிலேயே ஒரு மாதச் செலவு கையில் நிற்கும். மூன்று மாதச் செலவு சேர ஏறக்குறைய மூன்று ஆண்டு ஆகும். நீண்ட காலமாகத் தோன்றலாம். தானே புயல் வந்தது 2011 டிசம்பர் 30. ஃபெஞ்சல் வந்தது 2024. நடுவில் பதின்மூன்று ஆண்டு போயிற்று. அன்றைக்கே மகமை எழுதத் தொடங்கிய கடைக்கு அது நான்கு முறை நிரம்பியிருக்கும்.

கையிருப்புச் சீக்கிரம் ஏற வேண்டுமென்றால் நம் பகுதியில் காசு புழங்குகிற நாட்களைப் பயன்படுத்துங்கள். சம்பா அறுவடை முடிந்து ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் நெல் குவிகிற மாதங்களில் பழைய பாக்கி வசூலாகும். அதில் நூற்றுக்குப் பத்து தனியே எடுங்கள். மேல்மலையனூர் சாலையில் கடை வைத்திருப்பவர்களுக்கு அமாவாசை ஒவ்வொன்றும் ஒரு சிறு தீபாவளி. அன்று மட்டும் மகமையை இரட்டிப்பாக எழுதுவதில் சிரமம் இருக்காது.

மொத்த வியாபாரியான நான் இதையெல்லாம் சொல்வது என் பிழைப்பில் நானே மண் போட்டுக்கொள்வது போல் சிலருக்குத் தோன்றலாம். கடைக்காரர் கையில் உள்ள காசுக்கெல்லாம் சரக்கு எடுத்தால் எனக்குத்தானே லாபம்? ஆனால் ஒரு வெள்ளத்தில் கடையை மூடிவிட்டுச் சென்னைக்குக் கூலி வேலைக்குப் போய்விட்ட வாடிக்கைக்காரரிடம் பாக்கியும் வராது, வியாபாரமும் வராது. கையிருப்பு உள்ள கடைக்காரர்தான் மொத்தக் கடைக்கும் நல்ல வாடிக்கை.

தண்டல் கணக்கு

ஆபத்து நிதி இல்லாதவருக்கு அவசரத்தில் கைகொடுப்பது தண்டல். ஒன்பதாயிரம் ரூபாய் தருவார்கள், தினம் நூறு ரூபாய் வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். "ஆயிரம் ரூபாய்தானே வட்டி" என்று நினைக்கிறோம். தினமும் நூறு ரூபாய் திரும்பிப் போவதால் நூறு நாளும் ஒன்பதாயிரம் நம் கையில் இருப்பதில்லை. சராசரியாகப் பார்த்தால் நாலாயிரத்து ஐந்நூறுதான் இருந்தது. அதற்கு நூறு நாளில் ஆயிரம் என்றால் ஆண்டுக்கு நூற்றுக்கு எண்பது ரூபாய்க்கு மேல் வட்டி. 2003-ல் தமிழ்நாட்டில் கந்துவட்டித் தடைச் சட்டம் வந்தது. சட்டம் இருக்கிறது, தண்டலும் இருக்கிறது.

ஆனால் இதில் நாம் கவனிக்க வேண்டியது வேறொன்று. மாதம் மூவாயிரம் சேமிக்க முடியுமா என்று கேட்டால் தலையை ஆட்டுகிற அதே கடைக்காரர், தண்டல்காரர் சைக்கிள் மணி அடித்தால் நூறு ரூபாயை எடுத்துக் கொடுத்துவிடுகிறார். மழையானாலும் கொடுக்கிறார். வாசலுக்கு ஆள் வருகிறது, தொகை சிறியது, தினமும் நடக்கிறது என்பதுதான் காரணம். இதைச் சேமிப்புக்குத் திருப்பியவர் உடுப்பியைச் சேர்ந்த டி.எம்.ஏ. பை. அவரும் மற்றவர்களும் 1925-ல் தொடங்கிய வங்கி (பின்னாளில் சிண்டிகேட் வங்கி, 2020 ஏப்ரல் 1 முதல் கனரா வங்கியோடு இணைந்துவிட்டது) 1928-ல் பிக்மி டெபாசிட் என்று ஒன்றைக் கொண்டுவந்தது. முகவர் தினமும் வாசலுக்கு வந்து இரண்டணா முதல் வாங்கிக்கொண்டு போவார். இன்றும் சில வங்கிகளிலும் கூட்டுறவு வங்கிகளிலும் தினசரி வசூல் திட்டம் உண்டு. உங்கள் தெருவில் அப்படி வருகிறவர் இருந்தால், அவர் எந்த வங்கியின் ஆள் என்பதை வங்கிக்கே போய்க் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டு, ரசீதோடு கட்டுங்கள்.

எங்கே வைப்பது

கல்லாவில் வைக்கக் கூடாது. கடைக்குப் பணம் வந்து போகிற வங்கிக் கணக்கிலும் வைக்கக் கூடாது. இப்போது பாதி வியாபாரம் செல்போனில் ஸ்கேன் செய்துதான் நடக்கிறது. அந்தப் பணம் கணக்கில் விழுந்த வேகத்திலேயே ஏஜென்சி பில்லுக்குப் போய்விடுகிறது. ஆபத்து மகமைக்கு வேறு வங்கியிலோ அஞ்சலகத்திலோ தனிச் சேமிப்புக் கணக்கு திறந்து, அதைச் செல்போனோடு இணைக்காமல் விடுங்கள். தினமும் சிட்டையில் எழுதி, வாரம் ஒருநாள் செஞ்சிக்குச் சரக்கு எடுக்க வரும்போது கட்டிவிட்டுப் போகலாம். சரக்கு எடுப்பதற்கு முன்பே கட்டிவிடுங்கள். சரக்கு எடுத்த பிறகு என்றால் கட்ட மாட்டோம்.

ஐயாயிரம் ரூபாய் சேர்ந்ததும் அதை நிரந்தர வைப்பாக மாற்றலாம். இருபத்தைந்தாயிரத்துக்கு ஒரே ரசீது வாங்காமல் ஐந்தைந்தாயிரமாகப் போட்டால், தேவைக்கு ஒரு ரசீதை மட்டும் உடைத்துக்கொள்ளலாம். அஞ்சலகத் தொடர் வைப்பு நல்லதுதான், மாதம் நூறு ரூபாயிலேயே தொடங்கலாம். ஆனால் அது ஐந்தாண்டுத் திட்டம். மூன்று ஆண்டுக்கு முன் முடித்துக்கொள்ள முடியாது. பன்னிரண்டு தவணை கட்டிய பிறகு கட்டியதில் பாதி வரை கடன் பெறலாம். ஆகவே முதல் ஒரு மாதச் செலவுத் தொகையை அதில் பூட்டிவிடாதீர்கள். வங்கி வைப்புக்கு 2020 பிப்ரவரி முதல் ஒரு வங்கியில் ஒருவருக்கு ஐந்து லட்சம் வரை காப்பீடு உண்டு, கூட்டுறவு வங்கிகளுக்கும் சேர்த்து. கிராமத்துத் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் போடுகிற பணத்துக்கு அந்தக் காப்பீடு கிடையாது என்பது பலருக்குத் தெரியாது.

வீட்டிலும் ஒரு வாரச் செலவுக்கு ரொக்கம் இருக்கட்டும். தானே புயலில் கடலூர், புதுச்சேரிப் பக்கம் பல நாள் மின்சாரம் இல்லை. மின்சாரம் இல்லாத ஊரில் ஏ.டி.எம்.மும் இல்லை, ஸ்கேன் அட்டையும் இல்லை. அதற்காக எல்லாவற்றையும் பீரோவில் வைப்பதும் சரியில்லை. 2016 நவம்பர் 8 இரவு ஐந்நூறும் ஆயிரமும் செல்லாதென்று ஆனபோது, வீட்டில் ரொக்கமாகச் சேர்த்தவர்கள்தான் வங்கி வாசலில் அதிக நேரம் நின்றார்கள்.

சீட்டு பற்றிக் கேட்பார்கள். 1982-ம் ஆண்டுச் சட்டப்படி பதிவு செய்த சீட்டு வேறு, ஊரில் நோட்டுப் போட்டு நடத்துகிற தீபாவளிச் சீட்டு வேறு. பதிவு செய்ததானாலும் ஆபத்து நிதிக்குச் சீட்டு ஏற்றதல்ல. அவசரத்தில் இருப்பவர்தான் ஏலத்தில் அதிகம் தள்ளி எடுப்பார். ஒரு லட்சம் சீட்டை எழுபதாயிரத்துக்கு எடுத்துக்கொண்டு மீதித் தவணையை எல்லாம் கட்ட வேண்டிவரும். மாதம் நூற்றுக்கு இருபது, முப்பது தருவதாக ஆசை காட்டிய நிறுவனங்கள் மீது 2022-ல் பொருளாதாரக் குற்றப் பிரிவு வழக்குப் போட்டபோது, வட மாவட்டங்களில் எத்தனை சிறு வியாபாரிகள் ரசீதுகளோடு அலைந்தார்கள் என்பதை நாடே பார்த்தது. நகை நல்ல துணைதான். ஆனால் அவசரத்தில் நகை என்றால் அடகு, அடகு என்றால் வட்டி. கடைசிப் படியாக அது இருக்கட்டும்.

எதற்கு எடுக்கலாம் என்பதை முன்கூட்டியே வீட்டில் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். ஆஸ்பத்திரிச் செலவு, சாவு, கடைக்குச் சேதம், கடை மூடிக் கிடக்கிற நாட்கள், இவ்வளவுதான். 2021 மே 24 முதல் மளிகைக் கடைகளையும் மூடச் சொன்னார்கள். முந்தின ஆண்டு ஊரடங்கில் குறித்த நேரமாவது திறந்து வைத்திருந்த நமக்கு அந்த இரண்டு வாரம்தான் பெரிய சோதனை. அதற்கு எடுக்கலாம். மொய்க்கு எடுக்கக் கூடாது. மஞ்சள் நீராட்டு விழாவுக்குக் கூடாது. மலிவாக வந்த சரக்குக்குக் கூடவே கூடாது. தராசு முத்திரை, உணவுப் பாதுகாப்பு உரிமம், கடை வாடகை முன்பணம் ஆகியவை ஆபத்து அல்ல. ஆண்டுதோறும் வருவது தெரிந்த செலவு. அதற்குத் தனியே ஒதுக்க வேண்டும். எடுத்த தொகையை உங்கள் பெயரிலேயே கடன் நோட்டில் பற்று எழுதுங்கள். அது அடைகிற வரை மகமை சிப்பத்துக்கு ஐந்துக்குப் பதில் எட்டு.

பெரிய அடிக்கு இந்த நிதி போதாது, அதற்குக் காப்பீடு. ஆண்டுக்கு இருபது ரூபாயில் இரண்டு லட்சம் விபத்துக் காப்பீடு (பிரதமரின் சுரக்ஷா பீமா யோஜனா) வங்கிக் கணக்கு உள்ள எவருக்கும் எழுபது வயது வரை கிடைக்கிறது. கடைச் சரக்குக்குத் தீ, வெள்ளம் சேர்த்து 2021 ஏப்ரல் முதல் 'பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா' என்ற பாலிசி எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களிலும் உண்டு. எடுக்கும்போது சரக்கின் மதிப்பைக் குறைத்துச் சொல்லாதீர்கள். பிரீமியம் கொஞ்சம் குறையும், சேதம் வந்தால் கிடைக்கிற தொகையும் குறைந்துவிடும். பில் நகல்களைக் கடையில் வைக்காமல் வீட்டில் பரண் மேல் வையுங்கள். சர்வேயர் வந்து பார்த்துப் பணம் வருவதற்குள் ஆகிற வாரங்களைத் தள்ளத்தான் மகமைப் பணம்.

கணக்குத் திறக்கும்போதே நியமனதாரர் பெயரை எழுதிவிடுங்கள். 2025 நவம்பர் முதல் வங்கிக் கணக்குக்கு நான்கு பேர் வரை நியமிக்கலாம். மனைவிக்கோ மகனுக்கோ அந்தக் கணக்கு எந்த வங்கியில் இருக்கிறது என்பது தெரிந்திருக்க வேண்டும். பாஸ் புத்தகம், வைப்பு ரசீதுகள், காப்பீட்டுப் பத்திரம், வணிகர் நல வாரிய உறுப்பினர் அட்டை நான்கையும் ஒரே பிளாஸ்டிக் உறையில் போட்டு, தண்ணீர் ஏறாத உயரத்தில் வைத்து, இருக்கிற இடத்தை அவர்களிடம் காட்டிவிடுங்கள்.